சாவி திருகியும் சுழலாத டீசல் எஞ்சின்: செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பொள்ளாச்சித் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் டாடா 407, நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு கடைகடையாக நின்று செல்லும் மினி லாரி, பல்லடம் பக்கம் கோழி ஏற்றும் வேன், தோட்டத்துக்கும் ஊருக்குமாக ஓடும் மஹிந்திரா ஜீப் என்று கொங்கு வட்டாரத்தில் பழைய டீசல் வண்டிகள் இன்றும் அன்றாட உழைப்பில் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று காலையில் சாவி திருகியும் சுழலாமல் நின்றால், “செல்ஃபு எடுக்க மாட்டேங்குதுங்கண்ணா” என்று எலக்ட்ரீசியனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் வந்து செல்ஃப் மோட்டாரை, அதாவது எஞ்சினைச் சுழற்றி ஓடவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவார். பிரஷ் மாற்றப்படும், சில சமயம் மோட்டாரே மாற்றப்படும். வண்டி ஓரிரு வாரம் நன்றாக ஓடிவிட்டு மீண்டும் அதே இடத்தில் நிற்கும்.

மாற்றிய பாகம் சரியில்லை என்பதே அப்போது பெரும்பாலோர் வரும் முடிவு. உண்மையில் பல வண்டிகளில் மோட்டார் தொடக்கத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் பாதையிலோ, மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் பாதையிலோ இருந்த பழுது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். கழற்றி மாட்டும்போது நட்டுகள் இறுகியதாலும் முனைகள் சுரண்டப்பட்டதாலும் தற்காலிகமாகக் கிடைத்த குணத்தை, புதிய பாகத்தின் குணம் என்று நம்பிவிடுகிறோம். ஆகவே மோட்டாரைக் கழற்றுவதற்கு முன், வண்டியிலேயே, சுமை ஏறும் நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்பதை முதன்முறையாக இதைப் படிப்பவரும் பின்பற்றக்கூடிய வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டீசல் எஞ்சின் ஏன் இவ்வளவு விசை கேட்கிறது

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது இல்லை. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் மிகக் கடுமையாக அழுத்துவதால் காற்று தானாகவே 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது; அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் பற்றிக்கொள்கிறது. உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை அழுத்த விகிதம் என்கிறோம். பழைய பெட்ரோல் எஞ்சின்களில் இது 8 அல்லது 9 மடங்கு அளவில் இருக்கும். டீசல் எஞ்சின்களில் 16 முதல் 22 மடங்கு வரை போகும்.

இந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழற்ற வேண்டியிருப்பதால், டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் பெரியது. 12 வோல்ட் மின்னமைப்பில் அது வேலை செய்யும்போது 200 ஆம்பியரிலிருந்து 400 ஆம்பியர் வரை மின்னோட்டம் எடுப்பது இயல்பு. நின்ற நிலையிலிருந்து அசையத் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகமாக எடுக்கும். தலைவிளக்கு இரண்டும் சேர்ந்தே 10 ஆம்பியர் அளவுதான் எடுக்கும் என்பதை நினைவில் வைத்தால், விளக்கு எரிவதையும் ஹாரன் அடிப்பதையும் கொண்டு பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

சுழன்றால் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். மெதுவாகச் சுழன்றால் அழுத்தப்பட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிவதற்கும், சூட்டைச் சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்வதற்கும் நேரம் கிடைத்துவிடுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகளாவது இல்லாவிட்டால் பல எஞ்சின்கள் பற்றிக்கொள்ளாது. ‘சுழல்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று டீசலைத் தெளிக்கும் பம்புக்கும் நாசிலுக்கும் செலவு செய்யப்படும் வண்டிகளில் சிலவற்றின் உண்மையான குறை இந்த வேகக் குறைவுதான்.

சுருங்கச் சொன்னால், டீசல் எஞ்சினுக்குச் சூடான காற்று வேண்டும், சூடான காற்றுக்கு வேகமான சுழற்சி வேண்டும், வேகமான சுழற்சிக்கு மிகப் பெரிய மின்னோட்டம் தடையின்றிப் பாய வேண்டும்.

சாவி திருகிய ஒரு நொடிக்குள் நடப்பவை

சாவியைத் திருகும்போது பேட்டரியின் முழு மின்னோட்டமும் சாவி வழியாகப் போவதில்லை. சாவி ஒரு சிறிய மின்னோட்டத்தை மட்டும் சோலினாய்டுக்கு அனுப்புகிறது. சோலினாய்டு என்பது மோட்டாரின் மேல் உருளை வடிவில் பொருத்தப்பட்டிருக்கும் மின்காந்தச் சுவிட்ச். அதன் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு காந்த விசையால் இழுக்கப்படும்போது இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலாவதாக, ஒரு நெம்புகோல் மூலம் பினியன் என்னும் சிறிய பற்சக்கரம் முன்னே தள்ளப்பட்டு, எஞ்சினின் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பற்களோடு பொருந்துகிறது. இரண்டாவதாக, தண்டின் மறுமுனையில் உள்ள செம்புத் தகடு இரண்டு தடித்த முனைகளின் மேல் அழுந்தி, பேட்டரியின் முழு மின்னோட்டத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது.

மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதி ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டர் இருக்கிறது. அதன்மேல் கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் உரசிக்கொண்டு மின்னோட்டத்தை உள்ளே செலுத்துகின்றன. ஆர்மேச்சரின் அச்சு இரண்டு பக்கமும் புஷ் எனப்படும் வெண்கல வளையங்களில் தாங்கப்பட்டுச் சுழல்கிறது. பினியனில் ஏறத்தாழ 10 பற்களும் ரிங் கியரில் 100க்கு மேற்பட்ட பற்களும் இருப்பதால், மோட்டார் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே விகிதத்தில் மோட்டாரைத் திருப்பிச் சுழற்றிச் சிதைத்துவிடாமல் இருக்க, பினியனோடு ஒருவழிக் கிளட்ச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும். பட்டறைகளில் பினியனையும் இந்தக் கிளட்சையும் சேர்த்துப் பெண்டிக்ஸ் என்று அழைப்பார்கள்.

மோட்டார் நன்றாக இருந்தாலும் சோலினாய்டின் தகடு தீய்ந்திருந்தால் மின்சாரம் வராது. தகடும் நன்றாக இருந்து, கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் அசையாது. இவை எல்லாவற்றையும் ஒரே பெயரால் ‘செல்ஃப் போய்விட்டது’ என்று சொல்லிவிடுவதால்தான் தேவையற்ற பாகங்கள் மாற்றப்படுகின்றன.

தண்ணீர்க் குழாயை வைத்து மின்பாதையைப் புரிந்துகொள்வது

கிணற்றிலிருந்து வயலுக்குப் போகும் நீண்ட பி.வி.சி. குழாயை எண்ணிக்கொள்ளுங்கள். குழாயின் நடுவில் எங்கோ உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கிறது. வயல் முனையில் கேட் வால்வை மூடிவிட்டு, மோட்டாரைப் போட்டு, அந்த முனையில் அழுத்தமானியை வைத்தால் அது முழு அழுத்தத்தையும் காட்டும். ஏனென்றால் தண்ணீர் ஓடவில்லை, ஓடாத தண்ணீரை அடைப்பு தடுப்பதுமில்லை. வால்வைத் திறந்து தண்ணீர் பாயத் தொடங்கியதும் முள் சட்டென்று கீழே விழும். அடைப்பைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர் வால்வைத் திறந்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மின்பாதையிலும் இதுவே நடக்கிறது. அழுத்தமானி காட்டுவதற்கு இணையானது மின்னழுத்தம், அதன் அலகு வோல்ட். பாயும் தண்ணீரின் அளவுக்கு இணையானது மின்னோட்டம், அதன் அலகு ஆம்பியர். அடைப்புக்கு இணையானது மின்தடை, அதன் அலகு ஓம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் எத்தனை வோல்ட் வீணாகிறது என்பது கிடைக்கும். இதை மின்னழுத்த இழப்பு என்கிறோம்.

இப்போது ஒரு கணக்கைப் பார்க்கலாம். பச்சைக் களிம்பு பிடித்த ஒரு பேட்டரி கிளாம்பில் 0.008 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். சோதனை விளக்கு ஒன்றை மாட்டினால் அது அரை ஆம்பியர்கூட எடுக்காது, இழப்பு 0.004 வோல்ட்தான், விளக்கு பளிச்சென்று எரியும். செல்ஃப் மோட்டார் 250 ஆம்பியர் எடுக்கும்போது அதே கிளாம்பில் 2 வோல்ட் மறைந்துவிடும். அந்த 2 வோல்ட்டும் 250 ஆம்பியரும் சேர்ந்தால் 500 வாட். அவ்வளவும் அந்தச் சிறிய இடத்திலேயே சூடாக மாறுகிறது. ஸ்டார்ட் செய்ய முயன்றபின் ஒரு கிளாம்ப் மட்டும் சுடுகிறது என்றால் குறை அங்கேதான் இருக்கிறது.

சாதாரண மல்ட்டிமீட்டரின் ஓம் அளவையால் 0.008 ஓமை நம்பகமாக அளக்க முடியாது. மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ‘கன்டினியூட்டி பார்த்துவிட்டேன், ஒயர் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதால் இந்த வகைப் பழுதில் எதுவும் நிரூபணமாவதில்லை. ஓடாத மின்னோட்டத்தை வைத்துத் தடையைத் தேடக் கூடாது என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், மீதி எல்லாம் பொறுமையைப் பொறுத்தது.

முதலில் காதால் கேட்பது

மீட்டரை எடுப்பதற்கு முன், ஒருவர் சாவி திருக, மற்றொருவர் எஞ்சின் அருகே நின்று கேட்பது பாதி வேலையை முடித்துவிடும். தலைவிளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

எந்த ஒலியும் இல்லை, விளக்கும் சிறிதும் மங்கவில்லை என்றால் சோலினாய்டுக்குக் கட்டளையே போய்ச் சேரவில்லை. சாவிச் சுவிட்ச், ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), அதற்கு வரும் மெல்லிய ஒயர், சோலினாய்டில் அது செருகப்படும் இடம் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். பல மோட்டார்களில் அந்த இடத்துக்கு 50 என்றும், பேட்டரி ஒயர் வரும் தடித்த முனைக்கு 30 என்றும் எண் பொறித்திருப்பார்கள்.

‘டக்’ என்று ஒரே ஒலி வந்து, விளக்கும் மங்காமல் இருந்தால் தண்டு நகர்ந்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குள் பெரிய மின்னோட்டம் நுழையவில்லை. தகடு தீய்ந்திருக்கலாம், அல்லது பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடாமல் இருக்கலாம். அதே ஒற்றை ஒலியோடு விளக்கு அணைவதுபோல் மங்கினால் கதை வேறு: பேட்டரி தளர்ந்திருக்கலாம், பேட்டரி முனையிலேயே தொடர்பு கெட்டிருக்கலாம், அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகி நிற்கலாம்.

‘டடடட’ என்ற தொடர் ஒலிக்குப் பெரும்பாலும் பேட்டரியோ அதன் தொடர்புகளோதான் காரணம். தகடு அழுந்தியவுடன் மின்னழுத்தம் சரிகிறது, சரிந்ததால் சோலினாய்டு தண்டைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடுகிறது, விட்டதும் மின்னழுத்தம் ஏறுகிறது, மீண்டும் இழுக்கிறது. இந்தச் சுழற்சிதான் நமக்கு ஒலியாகக் கேட்கிறது. இந்த ஒலியைக் கேட்டு மோட்டாரைக் கழற்றுவது பெரும்பாலும் வீண் வேலை.

‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் வேகமாகச் சுழன்று எஞ்சின் அசையாமல் இருந்தால் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பினியன் முன்னே வரவில்லை. ‘கரகர’ என்ற அரைபடும் ஒலி பினியன் பற்களும் ரிங் கியர் பற்களும் சரியாகப் பொருந்தாததைக் காட்டுகிறது. இதில் டீசல் எஞ்சினுக்கே உரிய நுட்பம் ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தும்போது அது ஏதாவது ஒரு சிலிண்டரின் அழுத்தத்தை மீற முடியாமல்தான் நிற்கிறது. ஆகவே நான்கு சிலிண்டர் எஞ்சின் எப்போதும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில் நிற்க முனைகிறது. ரிங் கியரில் அந்த இரண்டு பகுதிகளில் மட்டும் பற்கள் அதிகமாகத் தேய்வது இதனால்தான். வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் சிறிது உருட்டியபின் நன்றாகச் சுழன்றால், சந்தேகத்தை ரிங் கியர் மேல் திருப்பலாம். ஆனால் பற்களைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது.

இதுவரை பார்த்ததன்படி, ஒலி எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்கிறது. எந்த இடம் என்று மீட்டர்தான் சொல்லும்.

அளக்கும் முன் பாதுகாப்பு

வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் பிடித்திருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். சோதனையின் நடுவே எஞ்சின் ஓடிவிடாமல் இருக்க, எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து வைக்கலாம், அல்லது பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலினாய்டின் ஒயரைக் கழற்றி வைக்கலாம். கை மோதிரம், இரும்புக் காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் அருகே தீப்பொறியோ புகையும் பீடியோ இருக்கக் கூடாது. ஒரு முயற்சி 10 நொடிக்கு மேல் நீள வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் இரண்டு நிமிட இடைவெளி கொடுங்கள்.

சோலினாய்டின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கியரில் இருக்கும் வண்டியின் கீழே படுத்துக்கொண்டு இப்படிச் செய்தால், எஞ்சின் பற்றிய கணத்தில் வண்டி ஆள்மேல் ஏறிவிடும். பழைய டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால், டீசலை நிறுத்தினால்தான் அது நிற்கும்.

பேட்டரியின் இரண்டு அளவுகள்

மல்ட்டிமீட்டரை நேர் மின்னழுத்த (DC) அளவில், 20 வோல்ட் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் அளவு ஓய்வில் எடுப்பது. இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் அது முழு மின்னேற்றத்துடன் இருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே என்றால் மின்னேற்றம் செய்யாமல் மேற்கொண்டு எதையும் சோதிப்பதில் பயனில்லை. இப்போதுதான் ஓடி நின்ற வண்டி என்றால், தலைவிளக்கை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்தபின் அளக்க வேண்டும்; இல்லாவிட்டால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லாரிகளில் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளப்பது அவசியம்; ஒன்று மட்டும் கெட்டிருப்பது அங்கே அடிக்கடி நிகழ்வது.

இரண்டாவது அளவு, சாவி திருகிய நிலையில், அதே முனைகளில் எடுப்பது. இந்த அளவுதான் பழுதுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துத் தருகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எஞ்சின் நன்றாகச் சுழலும்போது பேட்டரி 10 வோல்ட்டை ஒட்டி இறங்குவது இயல்பு, 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, மீட்டரும் 8 அல்லது 9க்குச் சரிகிறது என்றால், ஒன்று பேட்டரியால் கொடுக்க முடியவில்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறிக் கேட்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, ஆனால் மீட்டர் 11.5க்கு மேலேயே நிற்கிறது என்றால் நிலைமை நேர்மாறானது: பேட்டரியிடம் மின்சாரம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ள முடியாமல் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. முதல் வகையில் மின்னோட்டம் தேவைக்கு அதிகம் அல்லது பேட்டரி பலவீனம்; இரண்டாம் வகையில் மின்னோட்டம் தேவைக்குக் குறைவு. இரண்டும் ஓட்டுநருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் மருந்து வேறு வேறு.

முதல் வகைக்குள் பேட்டரியையும் மோட்டாரையும் பிரித்தறிய, நல்ல பேட்டரி ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே எளிய வழி. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் பழைய பேட்டரி குற்றவாளி. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் ஒப்பிடலாம். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.05 அளவு குறைவாகக் காட்டினால் அந்த அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம். நல்ல பேட்டரி போட்டும் மெதுவாகவே சுழன்று, அதுவும் சரிகிறது என்றால் மோட்டாருக்குள் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் வெளிச்சுவரில் உரசுகிறதா, சுருள் எரிந்திருக்கிறதா, எஞ்சினே இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இழப்பு எங்கே என்று தேடுவது

இரண்டாம் வகைக்கு, அதாவது பேட்டரி வலுவாக நிற்க, எஞ்சின் சோர்ந்து கிடக்கும் நிலைக்கு, மின்னழுத்த இழப்புச் சோதனைதான் வழி. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் கிளாம்பின் குறையை மீட்டர் பார்க்காது. கறுப்பு முனையைச் சோலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் தடித்த முனையில் வையுங்கள். சாவி திருகாதபோது மீட்டர் 12 வோல்ட் அளவைக் காட்டும். தகடு திறந்திருப்பதே காரணம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். திருகும்போது வரும் எண்தான் நேர்ப் பாதையின் மொத்த இழப்பு. அது 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் நேர்ப் பாதை நன்று.

அதற்கு மேல் இருந்தால், பாதையைத் துண்டுதுண்டாக அளந்துகொண்டே வர வேண்டும். ஈயக் கம்பத்துக்கும் அதன் கிளாம்புக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ எதுவும் காட்டக் கூடாது. கிளாம்புக்கும் சோலினாய்டின் 30 எண் முனைக்கும் இடையே 0.2 வோல்ட் அளவில் இருக்கலாம். சோலினாய்டின் இரண்டு தடித்த முனைகளுக்கும் இடையே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ‘டக்’ ஒலி வந்தபின்னும் அங்கே 12 வோல்ட் அப்படியே நின்றால் தகடு முனைகளை இணைக்கவே இல்லை என்று பொருள். ஒரு நாளைக்குப் பலமுறை நிறுத்தி எடுக்கும் முட்டை வண்டிகளிலும் பால் வண்டிகளிலும் இந்தத் தகடு விரைவாகத் தீய்வது எதிர்பார்க்கக்கூடியதே, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதன் முகத்தில் தீப்பொறி பறக்கிறது.

சோலினாய்டு இழுக்கவே தயங்குகிற வண்டியில், பேட்டரியின் நேர்க் கம்பத்துக்கும் 50 எண் முனைக்கும் இடையே இதேபோல் அளக்கலாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் சாவிச் சுவிட்சும் அதற்குப் போய் வரும் நீண்ட மெல்லிய ஒயரும் களைத்துவிட்டன. சோலினாய்டுக்கு அருகிலேயே ஒரு ரிலேயைச் சேர்த்து, சாவியின் சுமையைக் குறைப்பது எலக்ட்ரீசியன்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் நல்ல வேலை.

மறக்கப்படும் திரும்பு பாதை

மோட்டாருக்குள் போன மின்னோட்டம் முழுவதும் மோட்டாரின் உடல், எஞ்சின், எர்த் ஒயர் வழியாகப் பேட்டரியின் எதிர் முனைக்குத் திரும்ப வேண்டும். இதைச் சோதிக்க, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்க் கம்பத்திலும் மற்றதை மோட்டாரின் வெறும் உலோக உடலிலும் வைத்துச் சாவி திருகுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் சேஸிசுக்கும் அதற்கும் இடையே உலோகத் தொடர்பு இயல்பாக இல்லை. பின்னல் பட்டையாகவோ தடித்த ஒயராகவோ ஒன்றை இணைத்திருப்பார்கள். கிளட்ச் வேலைக்கோ எஞ்சின் இறக்கும் வேலைக்கோ பிறகு அதை மாட்ட மறந்துவிடுவதும், பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுவதும் நடக்கின்றன. அப்போது 200 ஆம்பியர் தனக்கென்று வேறு வழி தேடி, ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ பாயும். காரணம் தெரியாமல் அந்தக் கேபிள் உருகி ஒட்டிக்கொண்டால் எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மீட்டர் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. தடித்த ஜம்பர் ஒயர் ஒன்றைப் பேட்டரியின் எதிர்க் கம்பத்திலிருந்து நேராக எஞ்சின் உடலில் பெயின்ட் இல்லாத இடத்தில் கவ்வவிட்டுச் சாவி திருகுங்கள். சோர்ந்து கிடந்த எஞ்சின் துள்ளிச் சுழன்றால் பழுது எர்த்தில்தான். எர்த் பட்டை விலை மிகக் குறைந்த பாகம். அதனால்தானோ என்னவோ அதைக் கடைசியாகவே பார்க்கிறார்கள். பழைய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பகுதிகளைச் சேர்த்து நினைவில் கொள்ள மூன்று எண்கள் போதும்: சுழலும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் குறையாமை, நேர்ப் பாதையில் 0.5 வோல்ட்டுக்கு மிகாமை, எர்த் பாதையில் 0.3 வோல்ட்டுக்கு மிகாமை.

சூட்டிலும் குளிரிலும் மட்டும் வரும் தொல்லை

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு ஏறி, மேலே நிறுத்திய வண்டி சூட்டில் சுழல மறுப்பதும், அரைமணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவதும் அறிந்ததே. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. 60 டிகிரி கூடினால் சோலினாய்டுச் சுருளின் தடை கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு உயர்ந்து, அதன் இழுவிசை குறைந்துவிடும். பாதை சுத்தமாக இருக்கும் வண்டியில் இந்தக் குறைவு தெரியாது. ஏற்கெனவே ஒரு வோல்ட்டை இழந்துகொண்டிருக்கும் வண்டியில் அதுவே போதுமானதாகிவிடுகிறது. ஆகவே சூட்டில் மட்டும் வரும் பழுதைச் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஆறியபின் பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லா எண்களும் நன்றாகவே இருக்கும்.

குளிரில் நடப்பது வேறு. மார்கழி, தை மாத அதிகாலையில் ஊட்டியில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரியின் சுழற்றும் திறன்கூட சமவெளியில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைகிறது. அதே வேளையில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் சுழற்சியை இன்னும் கடினமாக்குகிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு குறையும் காட்டாத வண்டி மேலே போய் நின்றுவிட்டால், பேட்டரியின் வயதையும் ஹீட்டர் பிளக்குகளையும் முதலில் பார்க்க வேண்டும். ஹீட்டர் பிளக் என்பது சில டீசல் எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்வதற்குமுன் எரிஅறையைச் சூடாக்கும் சிறிய மின்கம்பி.

வேகமாகச் சுழன்றும் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

இது செல்ஃப் மோட்டாரின் பழுது அன்று. சுழற்றும்போது சைலன்சரில் வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக்கையும் எஞ்சினின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாவிட்டால் டீசல் வரவில்லை. பைப்பில் காற்று புகுந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஸ்டாப் சோலினாய்டு திறக்காமல் இருக்கலாம். ஆனால் சுழற்றும்போது மின்னழுத்தம் மிகவும் சரிகிற வண்டியில், அந்த ஸ்டாப் சோலினாய்டு திறக்காததற்கே மின்னழுத்தக் குறைவு காரணமாக இருக்கக்கூடும் என்பதால், பம்பில் கை வைப்பதற்கு முன் மேலே சொன்ன அளவுகளை எடுத்துவிடுவது நல்லது.

கழற்றியே ஆக வேண்டிய நிலை

நேர்ப் பாதையும் எர்த்தும் எல்லைக்குள் இருந்து, நல்ல பேட்டரியும் போட்டு, மோட்டார் இன்னும் சோர்ந்தே சுழன்றால், அல்லது சுழலவே இல்லையென்றால், எஞ்சின் கையால் திருப்பக்கூடியதாக இருக்கும் பட்சத்தில், குறை மோட்டாருக்குள்தான் இருக்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஓடுகிறது என்று பலர் சொல்வதற்கும் பொருள் உண்டு: சிக்கிக்கொண்ட பிரஷ் தட்டலில் விடுபட்டிருக்கும், அல்லது தீய்ந்த தகடு சற்றே இடம் மாறியிருக்கும். அது எலக்ட்ரீசியனிடம் சொல்ல வேண்டிய நல்ல தடயம். நிலைக்காந்தம் பொருத்திய மோட்டார்களை அப்படித் தட்டினால் காந்தமே விரிசல் விட்டுவிடும் என்பதால், அதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்து மாதக்கணக்கில் ஓட்டுவதும் அப்படித்தான். பழுதைத் தள்ளிப்போடுகிறது, சரிவில்லாத இடத்தில் ஒருநாள் கைவிட்டுவிடுகிறது.

மோட்டார் வைண்டிங் தொழில் வேரூன்றிய கோவையிலும், லாரித் தொழில் செழித்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளிலும் பழைய மோட்டாரைப் புதுப்பித்துத் தரும் திறமையாளர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும்போது ‘செல்ஃபு எடுக்கலைங்க’ என்று மட்டும் சொல்லாமல், எடுத்த அளவுகளையும் கேட்ட ஒலியையும் சொன்னால் வேலை பாதியாகும். பிரஷ் மட்டும் மாற்றிக் கம்யூட்டேட்டரின் பள்ளத்தை அப்படியே விட்டால் புதிய பிரஷ் விரைவில் தேய்ந்துவிடும். புஷ்ஷை மாற்றாமல் ஆர்மேச்சரை மட்டும் கட்டினால் அது மறுபடியும் உரசும். ஆகவே இவ்விரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார் வெளியே இருக்கும் அந்த நேரத்தில், அது இருந்த துளை வழியாக டார்ச் அடித்து, ஒருவர் எஞ்சினை மெல்லத் திருப்ப, ரிங் கியரின் எல்லாப் பற்களையும் ஒரு முழுச் சுற்றுப் பார்த்துவிடலாம். இப்போது விட்டுவிட்டால், பிறகு அதைப் பார்ப்பதற்காகவே மீண்டும் மோட்டாரைக் கழற்ற வேண்டியிருக்கும். மாட்டும்போது மோட்டார் உட்காரும் முகத்தையும் எர்த் போல்ட்டின் இடத்தையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி மாட்டிவிட்டு, அதே மூன்று அளவுகளை மறுபடி எடுத்து, தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.